பங்கிலும் கிரிப்டோவிலும் மார்க்கெட் கேப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: ‘ஒரு பங்கு 7 ரூபாய், இன்னொரு பங்கு ஒரு லட்சம் ரூபாய். முதலாவதுதானே மலிவு? ஷிபா இனு என்ற கிரிப்டோ காயின் ஒரு ரூபாயைத் தொட்டால் வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் என்கிறார்களே, நடக்குமா? எங்கே பார்த்தாலும் மார்க்கெட் கேப் என்று ஓர் எண்ணைப் போடுகிறார்கள். பங்குக்கும் கிரிப்டோவுக்கும் அதற்கு ஒரே அர்த்தமா?’

மூன்றுக்கும் பதில் ஒரே பெருக்கலில் இருக்கிறது. கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையை, மொத்தம் எத்தனை பங்கு அல்லது காயின் இருக்கிறதோ அந்த எண்ணால் பெருக்கினால் வருவது மார்க்கெட் கேப். விலை நொடிக்கு நொடி திரையில் ஓடுவதால் எல்லார் கண்ணும் அதிலேயே இருக்கிறது. எண்ணிக்கையைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. பணத்தை இழந்தவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பல சமயம் தவறு நடந்திருப்பது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

நிஜமான இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப்-இன் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் ஒரு பங்கு ஆறு இலக்க விலைக்குப் போனது பெரிய செய்தியானது. ஆனால் அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 42.41 லட்சம்தான். லட்சத்தால் பெருக்கினால் 42,411 கோடி ரூபாய். மறுபக்கம் வோடஃபோன் ஐடியா. 2025 ஏப்ரலில் அரசு தனக்கு வரவேண்டிய பாக்கியில் 36,950 கோடி ரூபாயைப் பங்காக மாற்றிக்கொண்ட பிறகு, அதன் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 10,834 கோடி. ஒரு பங்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் மார்க்கெட் கேப் 75,800 கோடியைத் தாண்டுகிறது. அதாவது, சந்தை 7 ரூபாய்ப் பங்கு நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு, லட்ச ரூபாய்ப் பங்கு நிறுவனத்துக்குப் போட்டதைவிட ஒன்றே முக்கால் மடங்கு. பங்கின் விலையை மட்டும் வைத்து எது மலிவு என்று சொல்லவே முடியாது.

இந்த எண்ணிக்கையை நீங்களே கண்டுபிடிக்கலாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்தால் ‘ஈக்விட்டி அண்ட் லயபிலிட்டீஸ்’ பகுதியின் தொடக்கத்திலேயே ஈக்விட்டி பங்கு மூலதனம் இருக்கும். அதை ஒரு பங்கின் முகமதிப்பால் (சந்தை விலை அல்ல, பங்குக்கு நிறுவனம் குறித்திருக்கும் அடிப்படை மதிப்பு) வகுத்தால் பங்குகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். எம்.ஆர்.எஃப்-இன் பங்கு மூலதனம் 4.24 கோடி ரூபாய், முகமதிப்பு 10 ரூபாய், வகுத்தால் 42.4 லட்சம். டி.சி.எஸ். பங்கு மூலதனம் 362 கோடி, முகமதிப்பு ஒரு ரூபாய். எனவே 362 கோடி பங்குகள். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, முகமதிப்பு எல்லா நிறுவனத்துக்கும் 10 ரூபாய் என்று எண்ணிக்கொள்வது. 1, 2, 5, 10 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இன்ஃபோசிஸுக்கு 5. இதைத் தவறவிட்டால் விடை இரண்டு மடங்கு, பத்து மடங்கு பிசகும்.

எண்ணிக்கை மாறும் வழிகள் பல. அவற்றில் எது உங்களைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று பிரித்தறிய வேண்டும். இலவசமாகக் கூடுதல் பங்கு தரும் போனஸும், ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டும் பாதிக்காது. ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது பங்குகள் இரட்டிப்பாகி ஏறத்தாழ 1,353 கோடி ஆயின, விலை பாதியாக இறங்கியது, மார்க்கெட் கேப் இருந்த இடத்திலேயே நின்றது. நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோதும் அப்படியே. ‘விலை குறைந்துவிட்டது, இப்போது வாங்கலாம்’ என்று அந்தச் சமயத்தில் பாய்கிறவர்கள், அதே பொருளின் சிறிய துண்டை அதே விகிதத்தில்தான் வாங்குகிறார்கள்.

புதிய பங்கு வெளியீடு வேறு கதை. வோடஃபோன் ஐடியாவையே பாருங்கள். அரசுக்குப் பங்கு ஒதுக்கும் முன் மொத்தம் சுமார் 7,139 கோடி பங்குகள். 7 ரூபாய் விலையில் மார்க்கெட் கேப் சுமார் 50,000 கோடி. 3,695 கோடி புதிய பங்குகள் சேர்ந்ததும் அதே 7 ரூபாயில் அது 75,800 கோடி. மார்க்கெட் கேப் பாதிக்குப் பாதி கூடிவிட்டது. பழைய பங்குதாரரின் கையிலுள்ள தொகை ஒரு பைசாகூடக் கூடவில்லை. நிறுவனத்தில் அவருடைய பங்கு விகிதம் மூன்றில் ஒரு பாகம் குறைந்தது. அதே சமயம் கம்பெனியின் கடனில் 36,950 கோடி குறைந்ததும் உண்மைதான், ஆகவே இதை முழு நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. நான் சொல்ல வருவது, ‘மார்க்கெட் கேப் ஏறியது’ என்ற செய்தியைப் பார்த்தால் ஏறியது விலையா, எண்ணிக்கையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். இதற்கு நேர் எதிரானது பைபேக். டி.சி.எஸ். 2023 இறுதியில் 4.09 கோடி பங்குகளை 4,150 ரூபாய் வீதம், சுமார் 17,000 கோடிக்குத் திரும்ப வாங்கியது. மீதமிருக்கும் ஒவ்வொரு பங்கின் உரிமையும் அதனால் சற்றே கூடியது.

ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்கு வாங்கும் உரிமையான இஎஸ்ஓபி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைப் பங்குதாரர்களான புரமோட்டர்களுக்கு ஒதுக்கும் வாரன்ட் (குறித்த விலையில் பிற்பாடு பங்கு வாங்கும் உரிமை), பிற்பாடு பங்காக மாறும் கடன் பத்திரம் ஆகியவை இன்னும் பங்காகாததால் மார்க்கெட் கேப்பில் தெரியாது. லாபநஷ்டக் கணக்கின் அடியில் ஒரு பங்குக்கான வருமானத்தை இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள்: சாதாரணமானது ஒன்று, இவை எல்லாம் பங்காக மாறிவிட்டால் வரும் ‘டைல்யூட்டட்’ வருமானம் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், வரப்போகும் பங்குகள் நிறைய இருக்கின்றன என்று அர்த்தம். சிறிய நிறுவனங்களில் இதைப் பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது.

மார்க்கெட் கேப் நிறுவனத்தின் விலை முழுவதையும் சொல்வதில்லை. கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டுதான் நிறுவனத்தை வாங்க முடியும். அதனால் மார்க்கெட் கேப்புடன் கடனைக் கூட்டி, கையிருப்புப் பணத்தைக் கழிப்பார்கள். இதை என்டர்பிரைஸ் வேல்யூ என்பார்கள். வோடஃபோன் ஐடியா 2025 மார்ச் நிலவரப்படி ஸ்பெக்ட்ரம் (அலைவரிசை), ஏ.ஜி.ஆர். (வருவாயில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கு) பாக்கியாக அரசுக்குத் தரவேண்டியது மட்டும் ஏறத்தாழ 2 லட்சம் கோடி ரூபாய். 75,000 கோடி மார்க்கெட் கேப் என்ற எண் அந்த நிறுவனத்தைப் பற்றிக் கால்வாசிதான் சொல்கிறது. தொலைத்தொடர்பு, மின்சாரம், விமான சேவை போன்ற கடன் கனத்த துறைகளில் நிறுவனங்களை ஒப்பிடும்போது மார்க்கெட் கேப்பை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகப் போகும். வங்கிகளுக்கு மட்டும் இந்தக் கூட்டல் கழித்தல் பொருந்தாது. கடன் வாங்குவதும் கொடுப்பதுமே அவற்றின் தொழில்.

அடுத்தது ஃப்ரீ ஃப்ளோட். புரமோட்டரும் அரசும் வைத்திருக்கும் பங்குகள் தினசரி சந்தைக்கு வராது. அவற்றைக் கழித்துவிட்டு, கைமாறக்கூடிய பங்குகளை மட்டும் பெருக்கினால் வருவது ஃப்ரீ ஃப்ளோட் மார்க்கெட் கேப். சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும் நிஃப்டி 2009 ஜூனிலும் இந்த முறைக்கு மாறின. டி.சி.எஸ். பங்குகளில் ஏறத்தாழ 72 சதவீதம் டாடா சன்ஸ் தரப்பில் இருக்கிறது. ஐசிஐசிஐ வங்கிக்குப் புரமோட்டரே கிடையாது. அதனால்தான் மொத்த மார்க்கெட் கேப்பில் டி.சி.எஸ். முன்னால் நின்ற காலத்திலும் நிஃப்டியில் ஐசிஐசிஐ வங்கியின் எடை அதிகமாக இருந்தது.

எல்.ஐ.சி. இதற்கு நல்ல பாடம். 2022 மேயில் அரசு 949 ரூபாய் விலையில் வெறும் 3.5 சதவீதப் பங்குகளை விற்றது. கைமாறியது சுமார் 21,000 கோடி ரூபாய். ஆனால் அந்த விலையால் மொத்தம் 632.5 கோடி பங்குகளையும் பெருக்கியபோது எல்.ஐ.சி. 6 லட்சம் கோடி நிறுவனம் ஆயிற்று. பட்டியலான முதல் நாளே பங்கு 875 ரூபாயில் முடிய, 46,000 கோடிக்கு மேல் போய்விட்டது என்று தலைப்புகள் வந்தன. மக்கள் போட்டதே 21,000 கோடி என்றால் 46,000 கோடி எங்கிருந்து போகும்? அதில் 96.5 சதவீதம் அரசின் கையிலிருந்த பங்குகளின் ஏட்டு மதிப்பு. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் ‘முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி இழப்பு’ என்று வந்ததும் இதே கணக்குதான். அன்று விற்று வாங்கப்பட்டது மொத்தப் பங்குகளில் சிறு பகுதி; அந்தச் சிறு பகுதியின் விலை, விற்காத மற்ற எல்லாப் பங்குகளின் மேலும் போட்டுப் பெருக்கப்பட்டது. அப்படி நஷ்டப்பட்ட தொகையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஏறும்போதும் அப்படித்தான், அவ்வளவு பணம் உள்ளே வந்தது என்று அர்த்தமில்லை.

லார்ஜ் கேப், மிட் கேப், ஸ்மால் கேப் பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2017 அக்டோபரில் வகுத்த விதிப்படி, மார்க்கெட் கேப் வரிசையில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251-லிருந்து ஸ்மால் கேப். ஆறு மாத சராசரியை வைத்து மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி ஆண்டுக்கு இருமுறை பட்டியல் வெளியிடும். இதற்கு எடுப்பது முழு மார்க்கெட் கேப், ஃப்ரீ ஃப்ளோட் கிடையாது. இத்தனை கோடிக்கு மேல் லார்ஜ் கேப் என்று நிலையான எல்லை எதுவும் இல்லை. சந்தை ஏறினால் எல்லையும் ஏறும். லட்ச ரூபாயைத் தொட்ட எம்.ஆர்.எஃப். அந்த 2023-இல் மிட் கேப்தான்.

இனி முதல் எண், அதாவது விலை. கடைசி வியாபாரத்தின் விலை என்றேன். அந்த வியாபாரம் பத்துப் பங்குக்கு நடந்திருந்தாலும் போதும், மொத்தத்தையும் அதே விலையால்தான் பெருக்குவார்கள். எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பங்கு 3 ரூபாய் 53 பைசா என்றே பல காலம் ஏட்டில் இருந்தது. மொத்தம் 2 லட்சம் பங்குகள். ஆக மார்க்கெட் கேப் 7.06 லட்சம் ரூபாய், ஒரு நடுத்தரக் காரின் விலை. ஆனால் அந்த நிறுவனத்திடம் இருந்தது பல ஆயிரம் கோடி மதிப்புள்ள ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகள். 3 ரூபாய்க்கு விற்க யார் முன்வருவார்கள்? வியாபாரமே நடக்கவில்லை, பழைய விலை மட்டும் நின்றது. 2024 அக்டோபர் 29-இல் விலை வரம்பு இல்லாத சிறப்பு ஏலம் நடத்தினார்கள்; அன்று பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தது. மார்க்கெட் கேப் ஒரே நாளில் 7 லட்சத்திலிருந்து 4,725 கோடி. முந்தைய நாள்வரை இருந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இருந்ததில்லை.

இது ஒரு விதிவிலக்கான சம்பவம். ஆனால் எதிர்த் திசையில் இதுபோல் தினமும் நடக்கிறது. வெளியில் புழங்கும் பங்கு மிகக் குறைவாக உள்ள ஒரு சிறு நிறுவனத்தில், நாளுக்குச் சில நூறு பங்குகள் மட்டும் கைமாறி, ஒவ்வொரு நாளும் 5 சதவீத அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை ஏற அனுமதிக்கப்பட்ட உச்சத்தில்) நின்றால், 15 வர்த்தக நாளில் மார்க்கெட் கேப் இரட்டிப்பாகிவிடும். அந்த விலைக்கு ஆயிரக்கணக்கில் விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. எனவே மார்க்கெட் கேப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நாள் சராசரி வர்த்தகத் தொகையையும் டெலிவரி அளவையும் (அன்றே திரும்ப விற்காமல் உண்மையில் கைமாறிய பங்குகள்) வைத்துப் பாருங்கள். 500 கோடி மார்க்கெட் கேப் நிறுவனத்தில் நாளுக்கு 5 லட்சம் ரூபாய்தான் கைமாறுகிறது என்றால், அந்த 500 கோடியை நம்பி நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

கிரிப்டோவுக்கு வருவோம். முதலில் அலகுகள், ஏனென்றால் இங்கே பூஜ்யங்கள் ஏராளம். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இந்த மூன்றையும் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கணக்குப் போடச் சுலபமானது பிட்காயின். மென்பொருளில் எழுதப்பட்ட உச்சவரம்பு 2.1 கோடி காயின்கள். புதிய காயின் வெளியீடு பாதியாகும் ஹால்விங் 2024 ஏப்ரலில் நடந்த பிறகு ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) 3.125 காயின், நாளுக்குச் சராசரி 144 பிளாக், ஆக நாளுக்கு 450 புதிய காயின். 2024 டிசம்பரில் விலை முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தொட்டபோது வெளிவந்திருந்தவை சுமார் 1.98 கோடி, எனவே மார்க்கெட் கேப் 1.98 லட்சம் கோடி டாலர். இதில் ரகசியச் சாவி (காயினை அனுப்பத் தேவையான கடவுச்சொல் போன்றது) தொலைந்ததால் இனி எப்போதுமே அசைய முடியாத காயின்களும் சேர்த்தே எண்ணப்பட்டிருக்கின்றன. 2009 ஜனவரி 3-இல் உருவான முதல் பிளாக்கின் 50 காயினைச் செலவழிக்கவே முடியாது. பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ சேர்த்ததாகக் கணிக்கப்படும் 10 லட்சம் அளவிலான காயின்களும் தொடப்படாமல் கிடக்கின்றன. பங்கில் ஃப்ரீ ஃப்ளோட்டுக்காகக் கழிப்பதுபோல் இங்கே பொதுவாகக் கழிப்பதில்லை.

காயின்மார்க்கெட்கேப் போன்ற தளங்களில் மற்ற டோக்கன்களின் (கிரிப்டோ காயின்களின்) பக்கத்தைத் திறந்தால் மூன்று வகை எண்ணிக்கை இருக்கும். இப்போது சந்தையில் புழங்குவது, இதுவரை உருவாக்கப்பட்ட மொத்தம், எப்போதுமே தாண்டாத உச்சவரம்பு. மார்க்கெட் கேப்புக்கு முதலாவதை எடுக்கிறார்கள். முழு வரம்பையும் இன்றைய விலையால் பெருக்கினால் வருவது எஃப்.டி.வி. பங்குச் சந்தையில் எத்தனை பங்கு என்பதை நிறுவனம் சட்டப்படி அறிவிக்க வேண்டும். பொய் சொன்னால் செபி கேட்கும். டோக்கனில் புழக்கத்தில் உள்ள எண்ணிக்கை பல சமயம் அதை வெளியிட்ட குழுவே தரும் தகவல். குழுவின் கைவசம் உள்ளதைப் புழக்கத்தில் சேர்க்காமல் விட்டால் மார்க்கெட் கேப் சின்னதாகத் தெரியும், ‘இன்னும் வளர நிறைய இடம் இருக்கிறது’ என்று விற்க வசதி.

வேர்ல்டுகாயின் 2023 ஜூலையில் வெளியானபோது மொத்த வரம்பு 1,000 கோடி டோக்கன்கள். தொடக்கத்தில் புழக்கத்துக்கு வரக்கூடியவை அதிகபட்சம் 14.3 கோடி. அதிலும் 10 கோடி, சந்தையில் வாங்கி விற்று விலையைப் பராமரிக்கும் மார்க்கெட் மேக்கர் நிறுவனங்களுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டவை. விலை 2 டாலர் என்று வைத்தால் மார்க்கெட் கேப் 28.6 கோடி டாலர். எஃப்.டி.வி. 2,000 கோடி டாலர். எழுபது மடங்கு வித்தியாசம். மொத்தத்தில் 1.43 சதவீதத்துக்குக் கிடைத்த விலையை வைத்து மீதி 98.57 சதவீதத்துக்கும் மதிப்புப் போடுவதுதான் எஃப்.டி.வி. அந்த மீதி அட்டவணைப்படி ஆண்டுக்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். விலை அதே இடத்தில் நிற்கவேண்டுமானால்கூட அத்தனையையும் வாங்க ஆட்கள் தொடர்ந்து வர வேண்டும். எஃப்.டி.வி-க்கும் மார்க்கெட் கேப்புக்கும் உள்ள இடைவெளி நான்கைந்து மடங்குக்கு மேல் போனால் என் கையை இழுத்துக்கொள்வேன்.

இப்போது ஷிபா இனு. தொடக்கத்தில் ஆயிரம் லட்சம் கோடி டோக்கன்கள் உருவாக்கப்பட்டன. அதில் பாதியை எத்தீரியம் நிறுவனர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரினின் முகவரிக்கு அனுப்பினார்கள். 2021 மேயில் அவர் ஒரு பகுதியை இந்தியாவின் கொரோனா நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டு, 410 லட்சம் கோடியை எரித்தார், அதாவது யாரும் எடுக்க முடியாத முகவரிக்கு அனுப்பி நிரந்தரமாக நீக்கினார். மிஞ்சியது சுமார் 589 லட்சம் கோடி டோக்கன். ஒன்று ஒரு ரூபாய் ஆக வேண்டுமானால் மார்க்கெட் கேப் 589 லட்சம் கோடி ரூபாய் ஆக வேண்டும். ஒப்பிட்டுப் பாருங்கள்: மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிட்ட எல்லா நிறுவனங்களும் சேர்ந்து 400 லட்சம் கோடியைத் தொட்டதே 2024 ஏப்ரலில்தான். ரிலையன்ஸ், டி.சி.எஸ்., எச்.டி.எஃப்.சி. வங்கி தொடங்கி எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட ஷிபா பெரிதாக வேண்டும். இருக்கும் டோக்கன்களில் மிகப் பெரும்பகுதியை எரித்தால் ஒழிய இது நடக்காது. ‘பைசாவில் கிடைக்கிறது, ஒரு ரூபாய் ஆனால்’ என்று யார் தொடங்கினாலும் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு ஒருமுறை பெருக்குங்கள்.

எண்ணிக்கை கட்டுமீறிப் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு லூனா என்ற காயின் உதாரணம். 2022 ஏப்ரலில் ஒன்று 119 டாலர், சுமார் 35 கோடி காயின்கள், மார்க்கெட் கேப் 4,000 கோடி டாலரைத் தாண்டியது. எப்போதும் ஒரு டாலரில் நிற்க வேண்டிய அதன் இணை நாணயமான டெரா யுஎஸ்டி (சுருக்கமாக யுஎஸ்டி) ஒன்றைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புக்கு லூனா புதிதாக அச்சாகும் என்பது விதி. மே மாதம் யுஎஸ்டி ஒரு டாலரிலிருந்து நழுவியதும் எல்லாரும் மாற்ற ஓடினார்கள். லூனா 50 டாலர் இருக்கும்போது ஒரு யுஎஸ்டிக்கு 0.02 காயின் அச்சானால் போதும். ஒரு சென்ட் ஆனபோது 100 காயின் அச்சாக வேண்டும். விலை விழ விழ அச்சு கூடியது, அச்சு கூடக் கூட விலை விழுந்தது. சில நாட்களில் 35 கோடி காயின் 6.5 லட்சம் கோடி ஆயிற்று. அதன் பிறகும், ‘119 டாலர் இருந்தது, ஒரு டாலருக்காவது திரும்பாதா’ என்று வாங்கியவர்கள் நிறைய. ஒரு டாலர் ஆக 6.5 லட்சம் கோடி டாலர் மார்க்கெட் கேப் வேண்டும். 2021 நவம்பர் உச்சத்தில் உலகின் எல்லாக் கிரிப்டோவும் சேர்ந்தே சுமார் 3 லட்சம் கோடி டாலர்தான். பழைய விலை வரைபடம் காட்டிய உயரம் பழைய எண்ணிக்கைக்கு உரியது.

டோக்கனில் விலை எவ்வளவு லேசாக ஏறும், இறங்கும் என்பதை எண்ணில் பார்க்கலாம். நடுவில் நிறுவனம் இல்லாமல் மென்பொருளே நடத்தும் பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகளில், பூல் எனப்படும் பொது இருப்பில் டோக்கனும் டாலரும் ஜோடியாகப் போட்டு வைக்கப்படும். இரண்டின் பெருக்குத்தொகை மாறாமல் இருக்கும்படி விலை நகரும். பூலில் 10 லட்சம் டோக்கனும் 10 லட்சம் டாலரும் உள்ளன, ஒரு டோக்கன் ஒரு டாலர். மொத்த டோக்கன்கள் 100 கோடி, எனவே மார்க்கெட் கேப் 100 கோடி டாலர். ஒருவர் 95,445 டாலருக்கு வாங்குகிறார். விலை 1.20 ஆகிறது. மார்க்கெட் கேப் 120 கோடி. ஒரு லட்சத்துக்கும் குறைவான டாலர் உள்ளே போக, ‘மதிப்பு’ 20 கோடி டாலர் கூடிவிட்டது.

திருப்பிப் பாருங்கள். அதே தொடக்க நிலையில், மொத்தத்தில் ஒரே ஒரு சதவீதம், அதாவது ஒரு கோடி டோக்கன் வைத்திருப்பவர் விற்கிறார். அவர் கணக்கில் காட்டுவது ஒரு கோடி டாலர். பூலில் டோக்கன் 10 லட்சத்திலிருந்து 1.1 கோடி ஆகிறது, டாலர் 90,909-ஆக இறங்குகிறது. அவர் கைக்கு வருவது 9,09,091 டாலர், கட்டணம் தனி. கடைசி விலை 0.00826 டாலர். மார்க்கெட் கேப் 100 கோடியிலிருந்து 83 லட்சம் டாலருக்கும் கீழே. ஒரு சதவீதம் விற்றதற்கே இந்தக் கதி. ஆகவே பூலில் அல்லது ஆர்டர் புத்தகத்தில் (வாங்க, விற்கக் காத்திருப்பவர்களின் பட்டியலில்) உண்மையில் எவ்வளவு டாலர் காத்திருக்கிறது என்பது, மார்க்கெட் கேப்பைவிட முக்கியமான எண். காயின்கெக்கோ, காயின்மார்க்கெட்கேப் தளங்களில் மார்க்கெட்ஸ் பகுதிக்குப் போனால் விலையை 2 சதவீதம் ஏற்ற, இறக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் காட்டியிருப்பார்கள். 24 மணி நேர வர்த்தக அளவைவிட இதை நம்பலாம். தனக்குத்தானே விற்று வாங்கி வர்த்தக அளவை ஊதிக் காட்டுவது சுலபம்.

பெரிய அளவில் இது வெடித்தது 2022 நவம்பரில். எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சின் சகோதர நிறுவனமான அலமேடா ரிசர்ச், 1,460 கோடி டாலர் சொத்துக் காட்டியது. அதில் 366 கோடி எஃப்டிஎக்ஸ் வெளியிட்ட எஃப்டிடி டோக்கன், இன்னும் 216 கோடி அடமானமாக வைத்த எஃப்டிடி. புழக்கத்தில் இருந்த எஃப்டிடி முழுவதின் மார்க்கெட் கேப்பையே அந்த இருப்பு மிஞ்சியது. கடைசி விலையால் பெருக்கி வந்த தொகையைச் சொத்து என்று எழுதியிருந்தார்கள். விற்கப் போனால் வாங்க ஆளே கிடையாது. நவம்பர் 8 அன்று 22 டாலரில் இருந்த டோக்கன் 5 டாலர் அளவுக்கு வந்தது. 11-ஆம் தேதி எஃப்டிஎக்ஸ் திவால் மனு போட்டது.

உச்சவரம்பு இல்லாதவை எல்லாம் மோசம் என்று எண்ண வேண்டாம். எத்தீரியத்துக்கு வரம்பு இல்லை, ஆனால் 2021 ஆகஸ்டிலிருந்து கட்டணத்தில் ஒரு பகுதி எரிக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் அது இயங்கும் முறை மாறிய பிறகு புதிய வெளியீடும் வெகுவாகக் குறைந்துவிட்டது. டோஜ்காயினில் நிமிடத்துக்கு 10,000 காயின், ஆண்டுக்கு 525 கோடிக்கு மேல் புதிதாக வருகிறது. விகிதமாகப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம், ஆனால் 20 சென்ட் விலை தாக்குப்பிடிக்க ஆண்டுக்குச் சுமார் 105 கோடி டாலர் புதிதாக வாங்கப்பட வேண்டும். டெதர் போன்று விலை ஒரு டாலரில் நிற்கும்படி வெளியிடப்படும் ஸ்டேபிள்காயின்களில் மார்க்கெட் கேப் கூடினால் விலை ஏறியதாக அர்த்தமில்லை, அத்தனை புதிய டோக்கன் வெளியிடப்பட்டிருக்கிறது. மொத்தக் கிரிப்டோ மார்க்கெட் கேப் என்ற எண்ணை எங்காவது பார்த்தால் ஸ்டேபிள்காயினையும், பிட்காயினைப் பூட்டி வேறு பிளாக்செயினில் வெளியிடும் டோக்கன்களையும் சேர்த்து இருமுறை எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்படியானால் பங்குக்கும் கிரிப்டோவுக்கும் ஒரே அர்த்தமா என்றால், பெருக்கல் ஒன்று, பெருக்கி வந்த தொகை நிற்கும் தரை வேறு. பங்கின் மார்க்கெட் கேப்பை நிகர லாபத்தால் வகுத்தால் பி.இ. விகிதம் வரும். 40,000 கோடி மார்க்கெட் கேப், 2,000 கோடி லாபம் என்றால் 20. இன்னொரு டயர் நிறுவனத்துக்கு அது 30 என்றால், ஏன் என்று கேட்க ஒரு பிடி இருக்கிறது. பங்குதாரருக்கு லாபத்திலும் சொத்திலும் சட்டப்படி உரிமை உண்டு. விலை மிகவும் விழுந்தால் முழு நிறுவனத்தையும் வாங்கிக்கொள்ள ஒருவர் வரக்கூடும். பெரும்பாலான டோக்கன்களுக்கு அந்த உரிமை எதுவும் இல்லை, ஆகவே கீழே பிடித்து நிறுத்தவும் எதுவுமில்லை. எனவே ‘இந்த டோக்கனின் மார்க்கெட் கேப் இன்ன வங்கியைவிடப் பெரியது’ என்ற ஒப்பீட்டில் பொருள் அதிகம் இல்லை. ஒரே வகை டோக்கன்களுக்குள் ஒப்பிடலாம், அதுவும் மார்க்கெட் கேப்பையும் எஃப்.டி.வி-யையும் சேர்த்துவைத்து.

வாங்கும் முன் என்ன பார்ப்பது? பங்கு என்றால் என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. தளத்தில் நிறுவனத்தின் ஷேர்ஹோல்டிங் பேட்டர்னைத் திறங்கள். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் தகவல் புதிதாகவே இருக்கும். மொத்தப் பங்குகள், புரமோட்டர் விகிதம், அதில் அடமானம் வைத்தது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் கிடைக்கும். டோக்கன் என்றால் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து கான்ட்ராக்ட் முகவரியை (பிளாக்செயினில் அந்த டோக்கனுக்கே உரிய முகவரி) எடுத்து ஈதர்ஸ்கேன் போன்ற தளத்தில் போட்டு ஹோல்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்து முகவரி வேறாக இருக்கும் போலிகள் நிறைய, அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். முதல் பத்து முகவரிகளில் எக்ஸ்சேஞ்சுக்குச் சொந்தமானவை எவை, குழுவுடையவை எவை என்று பிரிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் முகவரியில் பெரிய இருப்பு இருப்பது இயல்பு, அது ஆயிரக்கணக்கானவர்களுடையது.

கடைசியாக, புதிய விநியோகம் வரும் தேதிகள். டோக்கனில் அன்லாக் அட்டவணை என்பார்கள். திட்ட ஆவணத்தில் குழு, முதலீட்டாளர், சமூகம் என்று எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்று இருக்கும். பங்கிலும் இதே விஷயம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஐ.பி.ஓ-வில் (முதல் பொதுப் பங்கு வெளியீட்டில்), பொதுமக்களுக்கு முன்பே பங்கு ஒதுக்கப்படும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்களின் பாதிப் பங்குகள் 30 நாளிலும் மீதி 90 நாளிலும் விற்பனைக்கு விடுபடும், ஐ.பி.ஓ-வுக்கு முன் வாங்கியவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். எல்.ஐ.சி-யில் பொதுமக்கள் பங்கை 10 சதவீதமாக்க 2027 மே 16 வரை செபி அவகாசம் தந்திருக்கிறது. 3.5-லிருந்து 10 ஆக வேண்டுமானால் அரசு இன்னும் 41 கோடி பங்குகளை விற்க வேண்டும். 2022-இல் விற்றது 22 கோடி. எல்.ஐ.சி. பங்கை வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.